மூன்று இடம்

ஒத்தக்கடையில் வெங்காய மண்டி அடைத்த பிறகு
தராசு எங்களுடையது.
பதினொரு பையன்களையும் ஏற்றி இறக்கி
எடை குறித்துக்கொண்டு அனுப்பியாயிற்று.
நோட்டு என் மடியில்.
எடுக்க வேண்டியது மூன்று பேரை.
வெளியே ஆனைமலை இருட்டில் படுத்திருக்கிறது,
அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

"இன்பராசு" என்றார் மச்சக்காளை,
சீட்டில் ஜோக்கரை இறக்குகிறவர் போல.
அறுபத்து மூன்று கிலோ. இடக்கால் முன்னே.
ஏழு பேர் நிற்கிற களத்தில் பாடிக்கொண்டே ஏறி
போனஸ் கோட்டைக் கட்டைவிரலால் தடவி
திரும்பும் வழியில் ஒரு தோளையும் தட்டிவிட்டு வருவான்.

தவசிக்கு ஒப்பவில்லை.
"தொட்டுட்டு வர்றான், சரி.
அடுத்து அவெய்ங்க ஆளு ஏறி வருவான்ல,
அப்ப இவன் என்ன, குடை பிடிப்பானா?"

லூர்து, ஆறடிக்கு ஒரு விரல் குறைவு.
ஒட்டடை அடிக்க ஆகும் என்றது ஒரு குரல்.
பதினேழு வயசுதான், இன்னும் வளருவான் என்றது இன்னொன்று.
வளந்து?
குனியறதுக்கு இன்னும் தூரமாகும்.

நல்லமாயனுக்குக் கல் பட்டறைக் கை.
அகப்பட்ட கணுக்கால் அகப்பட்டதுதான்.
ஆனால் போன மாசம்
நடுவர் வாயிலிருந்த விசிலைப் பிடுங்கிக்
கிணற்றில் போட்டவன்.
"விசில் நாப்பது ரூவா" என்றார் மச்சக்காளை,
"நான் வாங்கித் தர்றேன்."

ஜெசிந்தா டீச்சர் அதுவரை பேசவில்லை.
மாநிலத்துக்கு ஆடியவர், வலது முட்டியில் பழைய தையல்.
"அவுட்டாகி வெளிய உக்காந்தவன்ல
எவன் உள்ள பாத்துக்கிட்டே இருந்தான்,
யாராச்சும் கவனிச்சீங்களா?"

கையைப் பார்த்திருந்தோம், தொடையைப் பார்த்திருந்தோம்.

"ரியாஸ். அம்பத்தெட்டு கிலோ. மூணு தடவ அவுட்டு.
மூணு தடவயும் உக்காந்த எடத்துலருந்தே
வர்றவன் எந்தக் கால மொதல்ல எடுக்குறான்னு
கவர்ல நின்னவனுக்குச் சொல்லிக்கிட்டிருந்தான்."

"சொல்றதுக்கு மைக்செட்டு போதுமே டீச்சர்."
சிரித்தோம். நானும்தான்.
சிரித்துக்கொண்டே மூன்றாவது வரியில்
பேனா முனையை வைத்து எடுத்துவிட்டேன்.
ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

பத்தரைக்குப் புரோட்டா வந்தது.
சால்னாவைத் தொட்டு மேசையில் களம் வரைந்தார்கள்.
நான்கு வெங்காயத் துண்டு தவசியின் பிடிகாரர்கள்.
மச்சக்காளையின் முட்டை ஓடு இன்பராசு.
முட்டை ஓடு நான்கையும் தொட்டுவிட்டு
நடுக்கோட்டுக்கு வந்து சேர்ந்தது.
"இப்பிடியெல்லாம் வரமாட்டான்யா."
"வந்தானா இல்லையா? கண்ணால பாத்தீல்ல?"

பதினொன்றுக்குப் போன்.
எடை போட்ட கையோடு இன்பராசு
ஆரப்பாளையம் போய்த் திருப்பூர் பஸ் ஏறிவிட்டானாம்.
பனியன் கம்பெனி டீம்.
தங்க அறை, மாசம் பன்னிரண்டாயிரம், புது ஷூ.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
யாரோ அந்த முட்டை ஓட்டை
இலையோடு சேர்த்து மடித்தார்கள்.

பிறகு தவசி, தாழ்ந்த குரலில்,
"இருந்தாலும் அவன கார்னர்ல நிறுத்தியிருக்கக் கூடாது."
"யாருய்யா கார்னர்ல நிறுத்தச் சொன்னது?"

மறுபடி ஏறினார்கள், மூச்சு விடாமல்.
பல்லடம் தாண்டிப் போய்க்கொண்டிருப்பவனுக்கு
வலப்பக்கமா இடப்பக்கமா என்று
பன்னிரண்டரை வரை
ஒத்தக்கடையில் இடம் தேடினார்கள்.
அவன் எடுபடவில்லை என்று யாரும் சொல்லத் துணியவில்லை,
நாம்தான் எடுபடவில்லை என்றும்.

டீச்சர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு
என் நோட்டை எட்டிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் முட்டியைத் தேய்த்துவிட்டுப் போனார்.

நல்லமாயன் என்று எழுதினேன்.
லூர்து என்று எழுதினேன்.
மூன்றாவதை மெல்ல, இடம் பார்த்து எழுதி முடித்தபோது
ஸ் தலையில் வைக்க வேண்டிய புள்ளி
முன்பே அங்கே இருந்தது.

அதற்குக் கீழே செலவு:
புரோட்டா இருபத்திரண்டு.
விசில் ஒன்று.